கையைத் தூக்கக் கூடாது என்கிறார்கள், நடக்கலாமா டொக்டர்?

திருகோணமலை, உப்புவெளிப் பக்கத்திலிருந்து 52 வயதான ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கடந்த வருடம் அவருக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, மார்பகம் முழுவதும் சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. டயக்னோசிஸ் கார்டில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்: கமக்கட்டில் 14 நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்டன, அவற்றில் 3 இல் நோய் இருந்தது. பிறகு கீமோ: நான்கு தடவை ‘சிவப்பு மருந்து’, அதன் பின் வேறொரு மருந்து, அதன் பின் வேறு மாவட்டத்தில் தங்கிக் கதிர்வீச்சு. அது முடிந்து எட்டு மாதமாகிறது. இப்போது தினமும் லெட்ரோசோல் குளிசை எடுக்கிறார்.

சிகிச்சை முடிந்ததும் பழைய மாதிரி ஆகிவிடுவேன் என்று நினைத்திருந்தாராம். ஆனால் உடம்பு 7 கிலோ கூடிவிட்டது. காலையில் விரல் மூட்டுகளும் முழங்காலும் இறுகிப்போய் இருக்கின்றன. எவ்வளவு படுத்தாலும் களைப்புத் தீரவில்லை. இடது கையை உயர்த்திக் கொடியில் உடுப்புக் காயப்போட முடியவில்லை, பின்னேரம் ஆனால் அந்தக் கை பாரமாக இருக்கிறது. கால்விரல்களில் மரத்த உணர்வு இன்னும் போகவில்லை. வீட்டில் மாமி, “கையைத் தூக்காதே, பாரம் எடுக்காதே, சும்மா இரு” என்கிறார். கொழும்பிலிருக்கும் மகள், “அம்மா, நடவுங்கோ” என்று தினமும் போனில் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஒருவர், உடற்பயிற்சி செய்தால் இரத்த ஓட்டம் கூடி நோய் மற்ற இடங்களுக்கும் பரவும் என்று பயமுறுத்தியிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. நடக்கலாமா? வாளி தூக்கலாமா? கோணேசர் கோயில் மேட்டில் ஏறலாமா? கடலில் குளிக்கலாமா? தினமும் நடந்தால் மூட்டு நோவைத் தரும் அந்தக் குளிசையை நிறுத்திவிடலாமா? மீண்டும் தையல் மெஷினில் உட்காரலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். சுகமான பிறகு செய்யலாம் என்று உடற்பயிற்சியைத் தள்ளி வைக்காதீர்கள். உங்களுக்குச் சுகம் வருவதற்கே அது வேண்டும். களைப்பு, மூட்டு இறுக்கம், தூக்கமின்மை, மனச்சோர்வு, எலும்புத் தேய்வு என்று சிகிச்சைக்குப் பின் வரும் தொல்லைகளில் இத்தனைக்கும் சேர்த்து உதவக்கூடிய வேறொரு மருந்து என் மேசையில் இல்லை.

களைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் கடிதத்தில் அதுதான் அதிக இடம் பிடித்திருக்கிறது. வேலை செய்து வரும் களைப்பு படுத்தால் தீரும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு வேறு வகை, அது படுத்தால் தீராது. படுக்கப் படுக்கத் தசை மெலியும், தசை மெலிந்தால் சின்ன வேலைக்கும் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் மறுபடி படுக்கத் தோன்றும். நீங்கள் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறீர்கள். இதில் உங்கள் சோம்பலும் இல்லை, மனப் பலவீனமும் இல்லை. பல நாட்டு நிபுணர்கள் கூடி ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்று உண்டு: வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சியை 8 முதல் 12 வாரம் தொடர்ந்தால் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறையும், நாளாந்த வேலைகள் செய்யும் சக்தி கூடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு, ஆழமான மனச்சோர்வு ஆகியவையும் இதே மாதிரிக் களைப்பைத் தரும். அடுத்த கிளினிக்கில் இவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்த ஓட்டம் கூடினால் நோய் பரவுமா?

பரவாது. பயந்துபோன மனதுக்கு இந்தப் பேச்சு நியாயம் போலக் கேட்கும், ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. கீமோ ஏறிக்கொண்டிருக்கும் மாதங்களில்கூட நோயாளிகளை நடக்கச் சொல்கிறோம்.

ஆதாரம் இருப்பது மறுபக்கத்தில். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 தாதியரைப் பல வருடம் பின்தொடர்ந்து, 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்ததற்குச் சமமாக இயங்கியவர்களில், இயங்காதவர்களைவிட இந்த நோயால் இறந்தவர்கள் வெகு குறைவு. இதை நான் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அது கவனித்துப் பார்த்த ஆய்வு. உடம்பு நன்றாக இருந்தவர்களே அதிகம் நடந்திருக்கலாம் என்ற கேள்வி அதில் எப்போதும் உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே 889 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் ஒழுங்கான பயிற்சி கொடுத்தார்கள். நோய் திரும்புவது அவர்களில் குறைந்தது என்று 2025 இல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அந்த அளவு உறுதியான சான்று இன்னும் கையில் இல்லை. ஆகவே “நடந்தால் நோய் திரும்பாது” என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். “நடந்தால் நோய் பரவும்” என்பது தவறு என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

குளிசையை விட்டுவிட்டு நடக்கலாமா?

கூடாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி இதுதான்.

உங்கள் வகை நோய் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்வது. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பு கொஞ்சம் ஈஸ்ட்ரஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அதைத் தடுக்கிறது. சத்திரசிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் எவ்வளவு முக்கியமோ, வழக்கமாக 5 வருடம் வரையாவது எடுக்க வேண்டிய இந்தச் சின்னக் குளிசையும் அவ்வளவு முக்கியம். நடை அதன் இடத்தைப் பிடிக்காது. நடை செய்வது, அந்தக் குளிசையைத் தாங்கிக்கொள்ள உங்களுக்கு உதவுவது.

இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. இதே வகைக் குளிசையால் மூட்டு நோவுடன் இருந்த, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 121 பெண்களை அமெரிக்காவில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் பாரம் தூக்கும் பயிற்சியும் செய்தது. ஒரு வருட முடிவில் அவர்களுடைய கடும் நோவின் அளவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. மற்றக் குழுவில் குறையவே இல்லை. மூட்டு நோகிறதென்று அசையாமல் இருந்தால் நோவு கூடத்தான் செய்யும். இந்தக் குளிசை எலும்பையும் மெலிய வைக்கும். நிமிர்ந்து நடப்பதும் பாரம் தூக்குவதும் எலும்புக்கும் வலு.

இத்தனைக்குப் பிறகும் நோவு தாங்க முடியாவிட்டால் வழியில்லாமல் இல்லை. நோவுக்கு மருந்து தரலாம், இதே வகையில் வேறு குளிசைக்கு மாற்றலாம், வைத்தியரின் கண்காணிப்பில் சில வாரம் இடைவெளி விட்டுப் பார்க்கலாம், வேறு வகை மருந்துக்கே போகலாம். இதையெல்லாம் கிளினிக்கில் கேளுங்கள். ஏற்கெனவே சில நாள் குளிசையை விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள், வைத்தியருக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

அந்தக் கை

மாமி மீது கோபப்படாதீர்கள். அவர் சொல்வது ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்னது. கமக்கட்டில் கணுக்களை எடுத்தால், கையிலிருந்து திரும்ப வேண்டிய நிணநீருக்குப் பாதை குறைகிறது. பாதை போதாமல் நீர் தேங்கினால் கை வீங்கும். கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. அதனால் பயந்து, பாரமே எடுக்கக் கூடாது, குழந்தையைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள். சோதித்துப் பார்த்துச் சொன்னதல்ல, பயத்தில் சொன்னது.

சோதித்தபோது கதை மாறியது. முதல் ஆய்வு 2009 இல் வெளிவந்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் ஒரு வருடம், வாரம் இரண்டு நாள், மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவதும் பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதத்தினருக்கே வந்தது, செய்யாதவர்களில் 29 சதவீதத்தினருக்கு வந்தது. அடுத்த வருடம் வந்த இரண்டாவது ஆய்வு இன்னும் உங்களுக்குரியது. இன்னும் வீக்கம் வராத 154 பெண்கள் அதில் இருந்தார்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்கள் எடுக்கப்பட்டவர்களை மட்டும் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் வீக்கம் வந்தது. உங்களுக்கு எடுத்தது 14. அந்தக் கையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருப்பதுதான் உங்களுக்குக் கூடாது.

காரணம் எளிது. நிணநீரைத் தள்ள இதயம் போல ஒரு பம்ப் கிடையாது. தசை சுருங்கி விரிவது அது நகரப் பெரிதும் உதவும். அசைக்காத கையில் நீர் தேங்கும். பழக்கமில்லாத கையால் ஒருநாள் திடீரெனப் பெரிய பாரம் தூக்கினாலும் சிக்கல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மெல்ல மெல்லக் கூட்டுவது. வாளி தூக்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். நாளைக்கு நிறை வாளி வேண்டாம். சில மாதங்களில் தூக்கும் கையாக அதை வளர்த்தெடுங்கள்.

ஆனால் பின்னேரத்தில் கை பாரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வீக்கத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் பாரம் தூக்கும் பகுதியை மட்டும், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையைப் பார்த்த பின் தொடங்குங்கள். வீக்கம் இருக்கிறது என்று அவர் சொன்னால், கையை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஸ்லீவ் தேவைப்படும். அளவெடுத்துப் போட வேண்டியது அது, கடையில் கிடைத்ததை வாங்கிப் போட வேண்டாம். நடைக்கும் தோள் பயிற்சிக்கும் இந்தக் காத்திருப்புத் தேவையில்லை.

தோளுக்கு மூன்று பயிற்சி போதும், காலையும் பின்னேரமும் 10 தடவை வீதம். சுவரைப் பார்த்து நின்று இடது கை விரல்களால் சுவரில் மேலே மேலே ஏறுங்கள். முடிந்த இடத்தில் ஒரு சிறு அடையாளம் போட்டால் அடுத்த வாரம் முன்னேற்றம் தெரியும். பிறகு பாயில் மல்லாந்து படுத்து, தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள், வலது கை இடது கைக்கு உதவட்டும். மூன்றாவது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து மெல்ல மேலே இழுப்பது. இழுவை தெரிய வேண்டும், குத்தும் நோவு வரக் கூடாது. கமக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறு போல ஏதாவது விறைத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்கு வருவது அது. பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் இளக்கிவிடுவார்.

பாரத்துக்கு ஜிம் தேவையில்லை. அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ. வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, முழங்கையை மடக்கித் தூக்குவது, பக்கவாட்டில் உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து இருப்பது. ஒவ்வொன்றும் 10 தடவை. இரண்டு வாரம் கையில் வீக்கமோ பாரமோ கூடாவிட்டால், பெரிய போத்தலுக்கு மாறிக் கொஞ்சம் தண்ணீர் கூட்டுங்கள். நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய பாரத்திலேயே தொடராமல், குறைத்துத் தொடங்குங்கள்.

நீங்கள் தையல்காரி, அளவு நாடா வீட்டில் இருக்கும். மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், இரண்டு கையையும் மணிக்கட்டிலும், முழங்கைக்கு 10 சென்ரிமீற்றர் கீழும், 10 சென்ரிமீற்றர் மேலும் அளந்து எழுதி வையுங்கள். வலது கை பழக்கமுள்ளவருக்கு அந்தக் கை கொஞ்சம் தடிப்பாக இருப்பது இயல்பு. இடது கை முந்திய அளவைவிட 2 சென்ரிமீற்றர் கூடினாலோ, மோதிரமோ வளையலோ திடீரென்று இறுகினாலோ காட்டுங்கள்.

அந்தக் கைக்கு உண்மையான எதிரி கிருமி. உங்கள் ஊரில் வாரத்தில் பல நாள் மீன் வெட்டும் வீடுகள்தான் அதிகம். மீன் முள்ளும் இறால் கொம்பும் குத்தி, அந்தக் கை ஒரே இரவில் சிவந்து வீங்கி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மீன் கழுவும்போது இறப்பர் கையுறை போடுங்கள். ஊசி குத்தினால், வெட்டுப்பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கிருமிநாசினி பூசுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் சூடு குறைந்த கிணற்றுத் தண்ணீரில் குளியுங்கள், நல்ல சூட்டுத் தண்ணீரை அந்தக் கையில் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டாம். அதிக சூடும் வீக்கத்தைக் கிளப்பும்.

எங்கே, எப்படி நடப்பது

முதல் இரண்டு வாரம் காலையில் 10 நிமிடம், பின்னேரம் 10 நிமிடம், வாரம் 5 நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் ஒரு வேளையில் கூட்டிக்கொண்டு போங்கள். 30 நிமிடம் ஒரே மூச்சில் நடக்க முடிந்தால் வாரம் 150 நிமிடம் ஆகிவிடும், அதுதான் நமது இலக்கு. வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. முடியாத நாளில் 5 நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், அந்த நாளும் கணக்குத்தான்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலை வெயில் உங்களுக்குத் தெரியும். காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகு போங்கள். கதிர்வீச்சுப் பட்ட தோலில் நேரே வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். உப்புவெளி மணலில் நடப்பது நல்லதுதான், ஆனால் இளமணலில் கால் புதையும், முழங்காலுக்குச் சிரமம். அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடவுங்கள். உங்கள் கால்விரல்கள் மரத்திருப்பதால் வெறுங்கால் வேண்டாம். சிப்பி கீறினாலும் தெரியாமல் போகும். பின்னால் வார் உள்ள செருப்போ சப்பாத்தோ போடுங்கள். இரவில் பாதங்களை ஒருமுறை பாருங்கள். வாடைக்காலத்தில் மழை பிடித்துவிட்டால் வீட்டு விறாந்தையில் நடக்கலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள், மார்கழியில் விட்டவர்கள் பலர் சித்திரையில்தான் திரும்பத் தொடங்குகிறார்கள்.

கோணேசர் கோயில். கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறும் பாதை நல்ல பயிற்சிதான், நிழலும் உண்டு, மான்களும் கூட வரும். ஆனால் முதல் மாதம் வேண்டாம். உங்களுக்கு ஏற்றிய ‘சிவப்பு மருந்து’ அட்ரியாமைசின். சிலருக்கு அது இதயத்தைப் பலவீனமாக்கும், உங்களுடையதைப் போல இடது பக்கக் கதிர்வீச்சும் சேரும்போது கூடுதல் கவனம் வேண்டும். சமதரையில் 30 நிமிடம் சிரமமின்றி நடக்க வந்த பிறகு, கூட ஒருவருடன், நின்று நின்று ஏறுங்கள். அதற்கு முன் கிளினிக்கில் “எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்க வேண்டுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் மத்தியானப் பூசைக்குப் போகாதீர்கள். சுட்ட கல்லில் மரத்த கால் வெந்தாலும் உடனே உறைக்காது. காலைப் பூசைக்குப் போங்கள்.

கடலில் இறங்கலாம். காயமும் கதிர்வீச்சுப் பட்ட தோலும் ஆறி, வெடிப்பு எதுவும் இல்லை என்றால் தடையில்லை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது மூட்டு நோவுக்காரருக்கு அருமையான பயிற்சி, உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தனியே இறங்க வேண்டாம். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் இறங்கவே வேண்டாம்.

கடற்கரையில் வாழும் உங்களுக்கு ஒரு செய்தி. 1996 இல் கனடாவின் வன்கூவர் நகரில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து ஒரு விளையாட்டு மருத்துவர் நீண்ட துடுப்புப் படகு ஓட்டவைத்தார். கையை அப்படி வேலை வாங்கினால் வீங்கிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட பெண்கள் படகுக் குழுக்கள் இருக்கின்றன. நமது கிழக்குக் கரையிலும் ஒருநாள் அப்படி ஒரு படகு ஓட வேண்டும் என்பது என் ஆசை.

டச்சுக் குடாப் பக்கம் நடக்கப் போனபோது, மார்பகத்துக்குப் பதிலாகப் பிராவுக்குள் வைத்த பஞ்சு நகர்ந்து, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று கூனிக் குறுகி வீடு திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. நடப்பதை நிறுத்தியதற்கு உடம்பைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. பிராவின் உட்பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தையுங்கள், பஞ்சைத் தனியே ஒரு உறையில் தைத்து அந்தப் பைக்குள் வைத்தால் நகராது, வியர்த்தால் எடுத்துக் கழுவவும் முடியும். தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். கூச்சம் முழுதாகப் போகாது. ஆனால் தலை குனிந்து தோளைச் சுருக்கி நடந்தால் மார்புப் பக்கத் தசை இன்னும் இறுகிப்போகும். தோளைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து நடப்பதும் மருத்துவம்தான்.

எப்போது நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். அந்தக் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியும் வரை பார்த்திராமல் அன்றே போங்கள், அன்டிபயோட்டிக் உடனே தொடங்க வேண்டிய நோய் அது. ஒரு கால் மட்டும் கெண்டைப் பக்கம் வீங்கி நோவது, நெஞ்சு நோவு, திடீர் மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பயமுறுத்த அல்ல. முதுகு, நாரி, இடுப்பு எலும்பில் ஒரே இடத்தில் நோவு நிலைத்து, இரவில் கூடி, வாரக்கணக்கில் குறையாமல் இருந்தால், “நடந்ததால் வந்தது” என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். எலும்பைச் சோதித்த பிறகே பயிற்சியைத் தொடரலாம்.

கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள்

கூட்டத்துக்குள் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது, கேட்கப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். புரிகிறது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பிசியோதெரபிக்குக் கடிதம், எலும்பு அடர்த்திச் சோதனை, எக்கோ, களைப்புக்கான இரத்தப் பரிசோதனை, குளிசை நோவுக்கு மாற்று. அரச ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம், அதைக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல. சட்டையைக் கழற்றிக் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்கலாம், அல்லது பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மகளையோ கணவரையோ உள்ளே கூட்டிக்கொண்டு போவதிலும் தவறில்லை. உங்கள் வலது மார்பகத்தை வருடா வருடம் மமோகிராம் செய்ய வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள், கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

கூடிய 7 கிலோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடை மட்டும் அதைக் கரைத்துவிடாது. இரவுப் புட்டிலும் இடியப்பத்திலும் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் பருப்பும் மீனும் கூட்டுங்கள், தேநீருக்குச் சீனியை விடுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம், தசை உருகிவிடும்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மனைவி தனியே நடக்கக் கூச்சப்படுகிறார். பின்னேரம் அரை மணி நேரம் அவரோடு நடந்தால் உங்கள் பிரஷருக்கும் நல்லது. மாமி, மருமகள் மேல் உங்களுக்குள்ள அக்கறை கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்த அக்கறையில் கையைத் தூக்காதே என்று சொல்லாமல், இன்றைக்குச் சுவரில் எவ்வளவு உயரம் போனது என்று கேளுங்கள். ஓய்வு கொடுக்க விரும்பினால் பயிற்சியை நிறுத்த வேண்டாம், மீன் வெட்டுவதையும் அடுப்படியில் நெடுநேரம் நிற்பதையும் வீட்டார் பங்குபோட்டு எடுங்கள். வீட்டு வேலை செய்கிறாரே, அதுவே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்கக் களைத்தாலும், பத்து நிமிடம் தொடர்ந்து மூச்சு வேகமாகும்படி இயங்கும் வேலை அதில் குறைவு.

கடைசியாக, தையல். தாராளமாக உட்காரலாம். உங்கள் மெஷின் காலால் மிதிப்பது என்றால் மரத்த பாதத்தோடு முதலில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், சிரமமாக இருந்தால் மோட்டர் பூட்டிக்கொள்ளலாம். துணி தள்ளும்போது இடது தோள் உயர்ந்து இறுகாதபடி கதிரையின் உயரத்தைச் சரி செய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, பத்துத் தடவை கைவிரல்களை மூடி விரியுங்கள். இடது கையில் ஊசி குத்தாமல் விரலுறை போடுங்கள். தை மாதப் பள்ளிக்கூட யூனிபோர்ம் ஓடர்கள் வரும்போது பழைய வேகத்தில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் பாதி எடுங்கள், கை எப்படி இருக்கிறது என்று அளவு நாடாவில் பார்த்துக்கொண்டு மிச்சத்தை முடிவு செய்யலாம்.